அக்கா ரூம்

எங்கள் ஆபீஸில் அவரை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண்ணாலேயே அளந்து, "பதினொண்ணுக்குப் பதிமூணு" என்பார். டேப் வைத்துப் பார்த்தால் ஓர் அங்குலம் தப்பாது. ஆர்க்கிடெக்ட் ஐயா ஒரு தாளில் நாலு கோடு கிறுக்கித் தந்துவிட்டுப் போவார். அதை வீடாக்குவது அக்கா. கதவு எந்தப் பக்கம் திறக்கும், துவைத்த துணி எங்கே காயும் என்பதெல்லாம் அவர் தலையில். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அவர் குடியிருந்ததோ தம்பி குடும்பத்தோடு ஒரு வாடகை வீட்டில். ஹாலில் ஒரே ஜன்னல். திறந்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர்.

அப்பா இறந்தபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அக்காதான். தனக்கு வந்த வரன்களை, "இவன் படிப்பு முடியட்டும்" என்று தள்ளிப் போட்டார். படிப்பு முடிந்தபோது வரன் வருவதும் நின்றுபோயிருந்தது. பக்கத்து மேஜைக்காரியான என்னிடம் இதை ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே.

தம்பி ஒரு மனை வாங்கினான். நடுவில் பெரிய பாதாம் மரம்.

"நீதான்க்கா வரையணும். உனக்குத் தோட்டத்தைப் பார்த்த மாதிரி ஒரு ரூம்" என்றானாம். மறுநாள் ஆபீஸுக்கு வந்தபோது அக்கா நடந்து வந்த மாதிரியே இல்லை, மிதந்து வந்த மாதிரி இருந்தது.

லீவு நாளெல்லாம் அந்த மனையில்தான் கிடந்தார். காலையில் நிழல் எங்கே விழுகிறது, மூன்று மணி வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மண்ணில் குச்சி நட்டுப் பார்த்தார். பிறகு வரைந்தார். மரத்தை வெட்டவில்லை, வீடுதான் ஒதுங்கி வளைந்தது. ஹாலின் தோட்டப் பக்கம் சுவரே கிடையாது, நாலு கண்ணாடிக் கதவுகள். தள்ளினால் நாலும் ஓர் ஓரத்தில் போய் ஒன்றன்மேல் ஒன்று நின்றுவிடும். உள்ளேயும் வெளியேயும் ஒரே கல், ஒரே மட்டம். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் கதவோரம் மெல்லிய வடிகால். ஹால் எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று காலுக்கே தெரியாது.

கிழக்கு மூலையில், தோட்டத்துக்கு நேராகக் கதவு வைத்து, பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. எல்லார் பிளானிலும் 'படுக்கையறை 1, 2' என்று எழுதுகிறவர், அதில் மட்டும் 'அக்கா ரூம்' என்று எழுதியிருந்தார்.

ஐயா அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் இதை எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார்.

பிறகு திருத்தங்கள் வந்தன. தம்பி மனைவிக்குச் சமையலறை பெரிதாக வேண்டும் என்றதும் அந்த அறை இரண்டடி இளைத்தது. அலமாரிக்கு இன்னும் ஓரடி. ஐந்தாவது பிளானில் தம்பியே பென்சிலால் 'கெஸ்ட் ரூம்' என்று மாற்றி எழுதினான். "பேருதானேக்கா. வெளி ஆளுங்களுக்குக் காட்டுற பிளான்ல அக்கா ரூம்னு இருந்தா சிரிப்பாங்க." அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

ஏழாவது பிளானுக்கு அவன் நேரே ஆபீஸுக்கு வந்தான். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிய நேரம்.

"ஒரு சின்ன மாத்தம்க்கா. ஹால்ல உட்கார்ந்தா தோட்டம் முழுசாத் தெரியல. இந்த மூலை மறைக்குது." அவன் விரல் அந்த அறையின் மேல் இருந்தது. "சுவர் குறையக் குறைய வீடு பெரிசாகும்னு நீதானே சொல்வே?"

"அப்ப நான்?"

அவன் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திருகித் திறந்தான், மூடினான். "மாடியில என் பெரிய பொண்ணோட படுத்துக்கலாம். இல்லேன்னா இப்ப இருக்கற வீட்டையே நீ வெச்சுக்கோயேன். உனக்கு ஆபீஸும் பக்கம். தனியா இருந்தாத்தான் அக்காவுக்கு நிம்மதின்னு என் வீட்டுக்காரியும் சொல்றா."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லலக்கா. எங்களுக்குத் தெரியாதா?"

அவன் போன பிறகு, "நான் மாத்திடறேன், நீங்க எழுந்திருங்க" என்றேன்.

"வேண்டாம். அந்த மூலைத் தூணை எடுத்தா பீம் மாத்தணும். உனக்குப் புரியாது."

கம்ப்யூட்டரில் அந்த அறையின் ஜன்னலை அழித்தார். கதவை அழித்தார். பிறகு சுவர்கள். நாலு கண்ணாடிக் கதவு ஆறாக நீண்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவன் சொன்னது சரிதான். டிசைன் இப்பத்தான் நல்லா இருக்கு."

அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

வீடு எழும்பியது. மட்டம் கால் அங்குலம் ஏறியதற்காக மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று, பதித்த கல்லைப் பெயர்த்துத் திரும்பப் போட வைத்தார். முதன்முதலாக உறவுக்காரர்கள் வீடு பார்க்க வந்த அன்று, அத்தனை பேரும் ஹாலுக்கும் தோட்டத்துக்கும் நடந்து நடந்து வியந்தார்கள்.

"எங்க அக்கா வரைஞ்சது" என்றான் தம்பி, பெருமையாகத்தான்.

"கொடுத்து வெச்சவங்க நீங்க, இந்த வீட்ல இருக்கறதுக்கு" என்றாள் ஒருத்தி அக்காவிடம்.

"நான் இங்க இல்லைங்க."

"அக்காவுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்" என்று தம்பி குறுக்கே விழுந்தான்.

பழைய வீட்டு வாடகை தனி ஆளுக்குக் கட்டாது என்று அக்கா ஓர் ஒற்றை அறைக்கு மாறினார். புது வீட்டில் ஏதாவது பழுதானால் மட்டும் தம்பியிடமிருந்து போன் வந்தது. கதவு இறுகுகிறது, வடிகாலில் இலை அடைக்கிறது. ஆபீஸ் முடிந்ததும் ஸ்க்ரூடிரைவரோடு ஓடுவார். ஒருநாள், தெருவில் போகிறவர்களெல்லாம் உள்ளே பார்க்கிறார்கள், திரைச்சீலைக்கு அளவெடுக்க வேண்டும், நாலு மணிக்கு வா என்றான். போனால் வீடு பூட்டிக் கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோபா, குழந்தைகளின் புத்தகம், பாதி குடித்த டம்ளர் எல்லாம் தெரிந்தன. போன் செய்தார்.

"கடையில இருக்கோம்க்கா, அரை மணி நேரம். தோட்டத்துல உட்காரு. அதுவும் வீடுதானே?"

அக்கா கேட்டைச் சாத்திவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டால், "கதவு ஆளோட நம்பர் அனுப்பறேன்" என்பதோடு சரி.

போன மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். செல்போனில் அந்த வீட்டின் படத்தை நீட்டி, இதே மாதிரி வேண்டும் என்றார்கள்.

"வீட்ல எத்தனை பேர்?" என்றார் அக்கா.

"நாங்க நாலு பேர். அப்புறம் எங்க அத்தை ஒருத்தங்க இருக்காங்க."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. அவங்க வராம நான் கோடு போட மாட்டேன்."

அவர்கள் திரும்பி வரவேயில்லை. வேறு ஆபீஸுக்குப் போய்விட்டார்களாம். ஐயா ஹாலில் நின்று, எங்கள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அக்காவைத் திட்டினார். ஐயா உள்ளே போனதும் அக்கா என் பக்கம் திரும்பி, "மாடிப்படி டிராயிங் முடிச்சிட்டியா?" என்று கேட்டார்.