பிரெஞ்சுப் புரட்சியும் எங்கள் வீட்டுச் சிரட்டையும்

பினாங்கில் அப்பா கிளார்க்காக இருந்தார். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வுக்காக நான் பிரெஞ்சுப் புரட்சியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். துணி வெளுக்கும் மாரியக்கா பின்வாசலில் வந்து உட்கார்ந்து, "என்ன பாப்பா படிக்கிறீங்க?" என்றாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பிரான்ஸ் எண்டு ஒரு நாடு, அக்கா. உயர்ந்த குடியில பிறந்தவைக்கு ஒரு சட்டம், மற்றவைக்கு இன்னொரு சட்டம். சனம் பொங்கி எழும்பி, எல்லாரும் சமம் எண்டு ராசாவையே கவிழ்த்துப் போட்டுது!"

சொல்லிக்கொண்டே, தூணில் செருகியிருந்த தேங்காய்ச் சிரட்டையை அவளிடம் நீட்டி, அதில் உயரத்திலிருந்து தேநீரை ஊற்றினேன். எங்கள் வீட்டுக் குவளையை அவளுக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை. வாய் மட்டும் அக்கா என்று கூப்பிடும்.

குடித்து முடித்தவள் சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் சமம்னு ஆனப்புறம் அந்த ஊர்ல இத என்ன பண்ணாங்க பாப்பா?"

கேலியே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சிரட்டையைக் கழுவித் தூணிலேயே செருகிவிட்டுப் போனாள்.

தேர்வில் புரட்சியின் காரணங்களைக் கேட்டிருந்தார்கள். பக்கம் பக்கமாக எழுதித் தேறினேன். ஆனால் மாரியக்கா கேட்ட மறுநாளும் அவளுக்கு நான் அந்தச் சிரட்டையில்தான் ஊற்றினேன். அதைத்தான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.