சிலிகன் வாங்கப் போன நேரத்தில் கொழுந்தன் பார்த்த வேலை

என் வீட்டுக்காரர் இறந்து மூன்று மாதம். சாவு வீட்டுக் கூட்டத்தில் அவருடைய மீன் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி உடைந்தது. அன்றிலிருந்து அவர் வளர்த்த மீன்கள் துணி துவைக்கும் பேசினில் கிடக்கின்றன. ஆறில் இரண்டு செத்துவிட்டன.

உடையாத கண்ணாடிகளோடு சேர்த்து ஒட்ட, வேறொரு பழைய தொட்டியின் கண்ணாடி ஒன்று கிடைத்தது. அவற்றில் இருந்த பழைய சிலிகன் பசையை பிளேட்டால் சுரண்டவே ஒரு வாரம் ஆனது. துளி இருந்தாலும் புதுசு ஒட்டாதாம்.

இன்று சிலிகன் வாங்க கஹவத்தை டவுனுக்கு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தால் தொட்டி நிற்கிறது! ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற என் கொழுந்தன் அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். மூலையெல்லாம் ரப்பர் பால் பூசியிருக்கிறான்.

"சிலிகன் எதுக்கு அண்ணி? நம்ம பால் ஒட்டாததா?"

"தண்ணி ஊத்துனா நிக்குமாடா?"

"ஊத்திப் பாத்தேனே. கொஞ்சந்தான் ஒழுகுது."

தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி கையோடு வந்தது.

"ஒரு வாரமா சுரண்டுனேன்டா!"

"அண்ணன் மீனு இன்னொண்ணும் செத்துருமோன்னு பயந்துட்டேன் அண்ணி."

இவனைத் திட்டுவது அவருடைய வேலை. இப்போது அதுவும் என் தலையில். திட்ட ஆரம்பித்தேன், பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனும் அழுதான்.

கண்ணாடியில் காய்ந்த ரப்பர் பாலை எடுக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "உரிச்சா வந்துரும்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஒருத்தன் இருக்கிறான்.