வியெஷ்பின்னுக்குப் போகாத பொன்னுச்சாமி

துபாய் அல் குசைஸில், விசாத் தாள்கள் டைப் செய்து கொடுக்கும் என் டைப்பிங் சென்டருக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தாங்கள் எந்த ஊருக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதே தெரியாது. அதில் ஒன்றும் குடி முழுகிப்போய்விடாது. துபாய்க்கு விமானம் ஏறியபோதும் அவர்களுக்கு ஒன்றும் தெரியாதுதான். வந்து இருபது வருடம் ஓட்டிவிடவில்லையா? ஆனால் பொன்னுச்சாமி மட்டும் போகிற ஊரைப் பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு போக ஆசைப்பட்டார். அந்த ஆசையைக் கிளப்பிவிட்ட புண்ணியவான் நான்.

பொன்னுச்சாமி சிவகங்கைப் பக்கத்து ஆள். ஒரு அலுமினிய ஜன்னல் கம்பெனியில் பத்தொன்பது வருடம் ஃபிட்டர். அவர் மாட்டிய ஜன்னல்கள் வழியாகக் கடலைப் பார்த்துக் காபி குடிக்கிறவர்கள் சில ஆயிரம் பேராவது இருப்பார்கள். அவர் தங்கியிருந்த லேபர் கேம்ப் அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கேம்ப்பின் ஏ.சி. மிஷின் மூஞ்சியில் அனல் அடிக்கும். கல்யாணமாகிப் பதினேழு வருடம். லீவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மனைவி நாகவள்ளியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டு வருடம் தேறாது.

கம்பெனியை மூடப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் அவருக்கென்று தொழில் எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் சதக்கத்துல்லா ஒரு வேலையோடு வந்தார். போலந்தில் வியெஷ்பின் என்ற சின்ன கிராமம், அங்கே ஒரு காளான் பண்ணை. இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தால் சம்சாரத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்றார். பொன்னுச்சாமி மற்றதைக் காதில் வாங்கவே இல்லை. அழைத்துக்கொள்ளலாம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

சதக்கத்துல்லா கீழக்கரைக்காரர், விவரமானவர். விசா இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு அவர் சொல்லும் புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "ஏன் போறேன்னு கேட்டா வேலைன்னு சொல்லு. வேற என்ன கேட்டாலும் பேப்பரைக் காட்டு. அவ்வளவுதான், கலாஸ்."

நான்தான் சும்மா இருக்கமாட்டாமல், "என்ன பொன்னுச்சாமி, போற ஊரு பேரே வாயில நுழையல. அந்த ஊரப் பத்தி ரெண்டு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்க வேணாமா?" என்று சீண்டினேன். கையோடு அவர் போனில், அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் யாரோ எழுதிப் போட்டிருந்த ஊர்ச் சரித்திரத்தையும் திறந்து கொடுத்தேன். போன் அதைக் கல்லும் மண்ணுமாய் ஒரு தமிழில் மாற்றிக் கொடுத்தது. நான் வேடிக்கைக்குச் செய்தது. அந்த மனிதர் மூன்று வாரம் அதைப் பாராயணம் செய்தார்.

தினமும் டூட்டி முடிந்து கடைக்கு வந்து எனக்கே பாடம் நடத்த ஆரம்பித்தார். "சார், அது முதல்ல ஜெர்மன்காரங்க ஊரு. எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி வெறும் காடு. அந்தப் பக்கத்து ராசா, காட்டை வெட்டி விவசாயம் பண்ண ஆள் புடிச்சுட்டு வாங்கடான்னு ஒருத்தன அனுப்பியிருக்காரு. அவன் ஜெர்மனிக்குப் போயி, நெலம் தர்றேன், பத்து வருஷம் வரி கெடையாதுன்னு சொல்லி ஆளுகளக் கூட்டியாந்துருக்கான்."

"அப்பவே ஏஜென்ட் இருந்திருக்கான்னு சொல்லுங்க."

"ஆமா சார். நல்ல நெலமா பாத்து அவன் எடுத்துக்கிட்டான். ஊருக்கும் அவன்தான் தலைவரு."

சதக்கத்துல்லாவிடம் இதைச் சொன்னேன். "எனக்கு எவனும் நெலம் தரலியே" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அந்த ஜெர்மன்காரர்கள் ஊருக்கு வெர்பெனாவ் என்று பெயர் வைத்து, செங்கல்லில் ஒரு மாதா கோயில் கட்டி, அறுநூறு வருடத்துக்கு மேல் அங்கேயே பிறந்து அங்கேயே செத்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், இது இனிமேல் போலந்து, கையில் தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்லியாகிவிட்டது. அறுநூறு வருடம் இருந்தவனுக்கும் நோட்டீஸ் என்னவோ ஒரு நாள்தான். பொன்னுச்சாமியின் கம்பெனி எவ்வளவோ தேவலாம், மூன்று மாதம் கொடுத்தது.

காலியான வீடுகளில் குடியேறிய போலந்துக்காரர்களும் சந்தோஷமாக வரவில்லை. கிழக்கே அவர்கள் ஊரை வேறு நாடு எடுத்துக்கொண்டு அவர்களையும் கிளப்பிவிட்டிருந்தது. மாட்டையும் மூட்டையையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஜெர்மன்காரன் படுத்த கட்டிலில் படுத்தார்கள், அவன் கோப்பையிலேயே குடித்தார்கள். அவன் திரும்பி வந்துவிடுவானோ என்ற பயத்தில் பத்து வருடம் பெட்டியை அவிழ்க்காமலே வைத்திருந்தவர்கள் உண்டாம். பெயரும் வியெஷ்பின் ஆயிற்று. இப்போது அவர்களுடைய பேரன் பேத்திகள் சம்பளம் போதாதென்று மேற்கே போய்விட்டார்கள். காளான் பறிக்க ஆள் இல்லை. அதனால்தான் அல் குசைஸுக்கு ஆள் தேடி வந்திருக்கிறது அந்த ஊர்.

பெட்டி விஷயத்தைப் படித்த அன்று மட்டும் பொன்னுச்சாமி பாடம் நடத்தவில்லை. "நானும் இன்னும் பெட்டியில வெச்சுத்தான் சார் சட்டை எடுக்குறேன்" என்றார். அதற்கும் நான் ஏதோ கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

போலந்துத் தூதரகத்து இன்டர்வியூவுக்குப் பொன்னுச்சாமியும், அதே கேம்ப்பிலிருந்து விஜயபாஸ்கர் என்ற இளவட்டமும் போனார்கள். விஜயபாஸ்கருக்கு ஊர் பெயர் என்ன, போலந்து எந்தத் திசை என்பதுகூடத் தெரியாது. "எங்கே போகிறீர்கள்?" என்று அதிகாரியம்மா கேட்டிருக்கிறார். "வேலைக்கு மேடம்." "எந்த ஊர்?" "பேப்பர்ல இருக்கு மேடம்." இரண்டே நிமிஷம். வெளியே வந்து ஷவர்மா சாப்பிடப் போய்விட்டான்.

பொன்னுச்சாமிக்கு முக்கால் மணி நேரம். கேம்ப்பில் கற்றுக்கொண்ட இந்தியில் இவர் பேச, ஒருவர் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். ஏன் இந்த ஊர் என்று கேட்டதும் நம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து, "மேடம், இது முதலில் ஜெர்மன் ஊர்" என்று தொடங்கியிருக்கிறார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். கேட்பதற்கு ஆள் கிடைத்துவிட்டது என்று இவருக்கு ஒரே குஷி. ராஜா, காடு, மாதா கோயில், ரயிலில் வந்த மாடு, ஒன்றையும் விடவில்லை. வியெஷ்பின் என்று சொன்ன இடத்திலெல்லாம் மறக்காமல் வெர்பெனாவையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

"ஜெர்மனியின் எல்லை அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியுமா?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"தெரியும் மேடம். நாற்பத்தொரு கிலோமீட்டர். பஸ் இருக்கு."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த நுணல் அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து, "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன் சார், ஒண்ணுகூட விடல" என்று லட்டு கொடுத்தது.

பதில் வந்தது. போலந்துக்குப் போவது போல் போய் ஜெர்மனிக்கு நழுவும் உத்தேசம் இருப்பதாகச் சந்தேகம், ஆகவே விசா இல்லை. விஜயபாஸ்கருக்குக் கிடைத்துவிட்டது. அவன் வியெஷ்பின்னில் பதினோரு நாள் காளான் பறித்தான். பன்னிரண்டாம் நாள் ஏதோ ஒரு ஜெர்மன் ரயில் நிலையத்தின் வாசலில் கூலிங் கிளாஸோடு நின்று போட்டோ அனுப்பினான்.

போட்டோவைப் பார்த்துவிட்டுச் சதக்கத்துல்லா தலையில் அடித்துக்கொண்டார். "ஏப்பா பொன்னுச்சாமி, ஒன்ன யாரு சரித்திரம் படிக்கச் சொன்னது?"

பொன்னுச்சாமி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நானாத்தான் பாய் படிச்சேன்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஊர் திரும்புவதற்காகத் துபாய் விசாவைக் கேன்சல் செய்ய என்னிடம்தான் வந்தார். காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. டைப் செய்துகொண்டே, "போனா போகுது, வேலைன்னு மட்டும் சொல்லிருக்கலாம்ல. எதுக்கு அவ்வளவு கதை?" என்று கேட்டேன்.

"சார், ஊர்ல போயி எறங்குனதும் மொதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? எப்ப வந்தே, எப்பத் திரும்பப் போறே. ரெண்டையும் ஒரே மூச்சுல கேப்பாங்க. அண்ணன் தம்பி, பக்கத்து வீடு, டீக்கடை, எல்லாருந்தான். நாகவள்ளிகூடக் கேப்பா. இங்கயும் அப்படித்தான், எப்பக் கெளம்புறேம்பாங்க. அந்த ஊர்ல எல்லாருமே எங்கிருந்தோ வந்தவங்க. யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். அவளையும் கூட்டிட்டுப் போயி அங்கேயே இருந்துரலாம்னு பாத்தேன். அதத்தான் சார் அந்த அம்மாகிட்ட சொல்ல வந்தேன். சரித்திரத்த முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள போதும்னுட்டாங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். பதினைந்து வருடமாக விசாத் தாள்களை டைப் செய்கிறேன். போகிற இடத்திலேயே இருந்துவிடுகிறேன் என்று மனசாரச் சொன்ன ஆள் இவர் ஒருவர்தான். ஓடிப்போய்விடுவார் என்று எழுதப்பட்டவரும் இவர்தான்.

ஊருக்குப் போன மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். பின்னால் நாகவள்ளி யாரையோ அதட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், "அப்புறம் பொன்னுச்சாமி, அடுத்து எப்பக் கெளம்புறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்களுமா சார்" என்றார்.