தேவி அக்காவின் பத்தரை மணி

மிச்சமிருந்த ஒரு நாள் விடுப்பை வீணாக்க மனமில்லாமல், போன புதன்கிழமை லாயாங் லாயாங் என்ற சிற்றூருக்குக் கிளம்பினேன். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே, செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில், என்னோடு வேலை செய்யும் குமாரின் அக்கா தேவி இருக்கிறார். "ஒருவழியா எங்களுக்கும் லைன் வந்துருச்சு தம்பி, வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருந்தார். லைன் என்றால் இங்கே கைப்பேசி சிக்னல்.

நான் இருக்கும் செனாயில் காலை 8.00 மணிக்குப் புறப்பட்டு 9.15க்குப் போய்ச் சேர்ந்தேன். கடைசி நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை. என் கார் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறது.

மேட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு ரிலே பெட்டி. தூரத்துக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்து, கோயில் கூரையிலுள்ள இன்னொரு பெட்டிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பதினான்கு வீடுகளுக்கும் போகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பிடித்தால் யாருக்கும் கிடைக்காது. அதனால் திருவிழா உபயத்துக்கு நாள் பிரிப்பதுபோல, கோயில் கரும்பலகையில் முறை போட்டிருக்கிறார்கள்: அரை மணிக்கு இரண்டு வீடு.

அன்று பத்தரை மணிக் கட்டத்தில் தேவி அக்கா பெயர் மட்டுமே. செனாய்த் தொழிற்சாலை ஒன்றின் வீடியோ நேர்காணல். எட்டு மாதமாக வேலை தேடுகிறார். முந்தைய நேர்காணல் லைன் அறுந்தே கெட்டது. அடுத்த வீட்டு முனியாண்டி அண்ணன் தன் முறையை விட்டுக்கொடுத்திருந்தார்.

ஐந்தே நிமிடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது.

"அலமாக், மறுபடியுமா?" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

முனியாண்டி அண்ணன் வீடு வீடாக ஓடிக் கேட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார். "யாரும் லைன் போடல லா." பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். "தம்பி, உங்க போன்?"

வந்ததும் வீட்டுக்குச் செய்தி அனுப்ப இணைத்தவன், துண்டிக்க மறந்திருந்தேன். வழியில் எடுத்த எண்பத்தாறு செம்பனைப் படங்களும் தாமாகவே இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தன. வெட்கத்தில் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. உடனே அணைத்தேன். படம் மறுபடி அசைந்தது. நல்லவேளை, எதிர்முனையில் நேர்காணல் எடுத்த அம்மாள் காத்திருந்தார்.

பதினொரு மணிக்கு அக்கா வெளியே வந்தார். "அடுத்த மாசம் வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க! பஸ்ஸும் அனுப்புறாங்களாம்!" எனக்குத்தான் அதிக நிம்மதி.

போகிறவர்களுக்கு: பெட்ரோலை லாயாங் லாயாங்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் சின்னக் கார் வேண்டாம். படம் தானாக ஏறும் வசதியை வீட்டிலேயே அணைத்துவிடுங்கள். பலகையில் பெயர் இல்லாமல் இணையாதீர்கள்.

என் பெயர் நான்கு மணிக் கட்டத்தில் இருந்தது. அங்கிருந்த தன் பெயரை அழித்துவிட்டு அக்கா என் பெயரை எழுதியிருந்தார். எண்பத்தாறையும் விட்டுவிட்டு, அக்கா சிரிக்கும் ஒரே ஒரு படத்தைக் குமாருக்கு அனுப்பினேன். மீதி இருபத்தெட்டு நிமிடத்தை முனியாண்டி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.