பேசிக்கிட்டே வாரும்

யுத்தகாலத்தில் பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பருத்திப் பொதி ஏற்றும் அந்த லாரிக்காரர், வண்டியின் பின்னால் பெரிய கரியடுப்பை மாட்டி, அதன் புகையில் எஞ்சினை ஓட்டினார். இமையெல்லாம் கரி. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியேதான் ஓட்டுவார். ஒருநாள் பஸ் கிடைக்காமல் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"பேசிக்கிட்டே வாரும்" என்றார்.

எதைச் சொன்னாலும் அவர் பதில் பேசவில்லை, சிரிக்கவுமில்லை. நான் வாயை மூடினால் மட்டும் "ம், பேசும்" என்பார். மழை பிடித்தது. என் பக்கத்துப் படுதாவை இறக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"எந்தம்பி இப்படித்தான் இறக்கிவிட்டான். புகை உள்ள அடைஞ்சிட்டு. தூங்குதான்னு நெனச்சு ஊருவரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டேன்."

"பெட்ரோலுக்கே மாத்திரலாமே, அண்ணாச்சி?"

"லாரிய வித்தாத்தான் பெட்ரோல் போட முடியும்."

அதன்பின் எனக்குப் பேச்சு வரவில்லை. முகத்தில் சாரல் அடிக்க, கண்ணை மூடிக்கொண்டேன். லாரி சட்டென்று நின்றது. அதுவரை மரியாதையாகப் பேசியவர், "ஏலே! ஏலே!" என்று கத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இருக்கேன், அண்ணாச்சி" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை.