புஷ்பத்தின் பாராங்கும் என்னுடையதும்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை மலையேறும் குழுவில் முன்னால் போய்ப் புதர் வெட்டி வழி போடுவது எப்போதும் புஷ்பம்தான். அவளிடம் கொய்யா மரப் பிடி போட்ட பாராங் இருக்கிறது, காட்டுக்கென்றே அடித்த நீளமான வெட்டுக்கத்தி. இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். ஒரே வயது, நாற்பத்து மூன்று. இரண்டு வருடமாக அவள் முதுகைப் பார்த்தே நடந்து அலுத்துவிட்டது. முன்னால் போக எனக்கும் ஒரு பாராங் வேண்டும். 1984 ஆகஸ்ட் விடுமுறையில் சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்பினேன். அவள் பாராங்கை அடித்த பட்டறை அங்கே இருக்குமிடம் அவளுக்குத்தான் தெரியும் என்பதால் அவளையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

ஈப்போவிலிருந்து காலை எட்டு மணி பஸ். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பிறகு டாக்சி, கட்டணம் மூன்று மலேசிய வெள்ளி.

"ரெண்டு அக்காவும் பாராங் வாங்கவா? வீட்டுக்காரங்க பாவம்லா!" என்றார் ஓட்டுநர். புஷ்பம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

முன்பு ரப்பர், இப்போது எண்ணெய்க்கான செம்பனை நிற்கும் தோட்டத்தின் ஓரத்தில் மாரியப்பன் அண்ணனின் பட்டறை. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் கரி உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்தார். உருவம் வந்ததும் மறுபடி சுட்டு எண்ணெயில் முக்கினார். பிறகு இளஞ்சூட்டில் வாட்டினார். வாட்டாவிட்டால் முதல் வெட்டிலேயே தெறித்துவிடுமாம்.

கடைசியில் பிடி. வெட்டும் பகுதியில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கத்தியின் வாலை மட்டும் சிவக்கக் காய்ச்சி, துளையிட்ட மரத்துக்குள் இறக்க வேண்டும். மரம் உள்ளே கருகி வாலுக்கு இடம் விடும்.

"டீச்சர், கட்டைய நீங்க புடிங்க. ஆடுனா பிடி கோணிக்கும், அப்புறம் கத்தி கையில நிக்காது."

பிடித்தேன். உஸ்ஸென்று புகை முகத்தில் அடித்ததும் கையை எடுத்துவிட்டேன்.

"ஐயோ, விடாதீங்கலா!"

அதற்குள் புஷ்பம் பிடித்துவிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது, கை அசையவில்லை.

"இந்த டீச்சர் பலே ஆளுலா" என்றார் மாரியப்பன், பித்தளைப் பூணை மாட்டியபடி. பிடி நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. கோணியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நீ முன்னுக்குப் போலா" என்றாள் புஷ்பம், திரும்பும் பஸ்ஸில்.

போனேன். பாராங் அருமையாக வெட்டியது. பின்னால் அவள் புகைக் கதையைச் சொல்ல, குழு முழுவதும் சிரித்துக்கொண்டே வந்தது. ஒருவரும் என் முதுகைப் பார்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், வேலை முடிய மாலையாகிவிடும். கட்டை பிடிக்கத் துணைக்கு ஓர் ஆள் அவசியம். உங்களைவிடத் தைரியசாலியாக மட்டும் இருக்க வேண்டாம்.