கழிசல் கோதுமை

உப்புத் தண்ணீர் பட்டுப் புழுங்கிய சாக்கின் வாடை எங்கேயாவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் அந்த இடத்தை விட்டு விலகிப் போய்விடுவேன். அறுபதுகளில், அரிசி கண்ணில் படாத பஞ்ச வருஷங்களில், கடலூர் துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டுக் கோதுமை அந்த வாடையோடுதான் முதுநகர் மாவு மில்லுக்கு வந்தது; அதை நிறம் பார்த்துப் பிரிக்க எங்கள் மீனவக் குப்பத்துப் பெண்கள் போனார்கள், அவர்களில் என் அம்மா அஞ்சலையும் ஒருத்தி.

பொன்னிற மணி ஒரு பக்கம். கருத்தது, பச்சையாக இருப்பது, முளைவிட்டு வெளுத்தது எல்லாம் "கழிசல்". "நாலு கருப்பு உள்ள போச்சுன்னா மூட்டை மாவும் பழுப்படிச்சிடும், கண்ண நல்லா தொறந்து பாருங்கடி" என்று மேஸ்திரி கத்திக்கொண்டே இருப்பான். கழிசலை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது அவர்கள் எங்களுக்குக் காட்டிய பெரிய கருணை. அம்மா அதைக் கழுவிக் காயவைத்து, இடித்துக் கஞ்சி காய்ச்சுவாள், கசக்கும். அதிலும் தப்பித் தவறி நல்ல மணி கிடந்தால் பொறுக்கி முந்தானையில் முடிந்து, மறுநாள் மில்லிலேயே போட்டுவிடுவாள். நான் முறைத்தால், "நம்ம பேரு கெட்டுடக் கூடாதுடி" என்பாள். அப்பா கடலோடு போய்விட்ட பிறகு, அந்த வேலை போனால் எங்கள் இருவருக்கும் அடுப்பு எரியாது.

ஒரு சாயங்காலம் அவளைக் கூப்பிடப் போயிருந்தேன். நல்ல கோதுமை குறைகிறது என்று யாரோ வத்தி வைத்துவிட, முதலாளியே கேட்டில் வந்து நின்றார். அம்மாவின் கழிசல் பையைத்தான் முதலில் பிடுங்கிச் சிமெண்டுத் தரையில் கொட்டினார்கள்.

"நல்லா தேடிப் பாருங்க மொதலாளி, ஒண்ணு இருந்தாலும் என்ன வேலைய வுட்டு நிறுத்திடுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் அம்மா.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து கிளறினான். கிளறக் கிளறக் கருப்புதான். முதலாளி செருப்பு நுனியால் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதயா திங்கிறீங்க? எங்க வூட்டுக் கோழி கூட கொத்தாதே" என்று சிரித்தார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வேலை பிழைத்த சந்தோஷத்தில் அம்மாவும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு இருவரும் மண்டியிட்டு, ஒரு மணி விடாமல் அள்ளிக்கொண்டு வந்து, அதையே காய்ச்சிக் குடித்தோம்.

இப்போது அந்த மில் இல்லை. அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. நிறம் பார்த்துத் தானியம் பிரிக்க மெஷின் வந்துவிட்டதாம். நல்லது, அதற்குப் பசிக்காது. அம்மாவும் போய்விட்டாள், கை சுத்தமானவள் என்ற பேரோடு. எனக்கென்னவோ, அன்றைக்கு அந்தப் பையில் ஒரு பிடி நல்ல கோதுமை இருந்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. திருடி என்று அடித்துத் துரத்தியிருப்பார்கள், சிரித்திருக்க மாட்டார்கள்.